கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கலாமா?

திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கி அதன் சாரத்தைத் தருகிறேன்.

அவருக்கு வயது 28. ஐந்து மாதக் கர்ப்பிணி. நான்கு வயதில் ஒரு மகன். கணவருக்குத் திருப்பூரில் வேலை; சனிக்கிழமை இரவு வந்து திங்கள் விடியற்காலை கிளம்பிவிடுவார். உடன் இருக்கும் மாமியாருக்கு 56 வயது, பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டு, மதுரையில் அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது கீமோதெரபி நடக்கிறது. டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு என்ற இரு மருந்துகள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வீதம் நான்கு முறை. அதன் பிறகு பாக்லிடாக்சல் வாரம் ஒருமுறை 12 வாரம். இதுவரை இரண்டு முறை முடிந்திருக்கிறது.

முதல் கீமோ முடிந்து வந்த இரவில் மாமியாருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போயிருக்கிறது. வீடே பயந்துபோனது. "அது விஷ மருந்து. வேர்வையிலும் மூச்சிலும் வெளியே வரும். மாசமாக இருக்கிற பெண் பக்கத்திலேயே போகக்கூடாது" என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து மாமியாருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், பின்கட்டில் தனி அறை. பேரனைக் கிட்டே விடுவதில்லை. நோயின் பெயரை அவரிடம் சொல்லவில்லை. "கட்டி, திரும்ப வராமலிருக்க ஊசி" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். தட்டைப் பிரித்த நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று வாசகியே எழுதுகிறார்.

இரண்டாவது கீமோவுக்குப் பத்தாம் நாள் இரவு மாமியாருக்குக் குளிர் நடுக்கம். யாரையும் எழுப்பாமல் போர்த்திக்கொண்டு படுத்திருந்தவரை, தண்ணீர் குடிக்க எழுந்த மருமகள் பார்த்திருக்கிறார். காய்ச்சல் 101 டிகிரி. பாராசிட்டமால் 650 கொடுத்ததும் வியர்த்து இறங்கிவிட்டது. விடியட்டும் என்று இருந்து, காலையில் உள்ளூர் கிளினிக்கில் இடுப்பில் ஓர் ஊசியும் மூன்று நாள் மாத்திரையும் வாங்கியிருக்கிறார்கள். சரியாகிவிட்டது. "இதை மதுரை டாக்டரிடம் சொல்லாதீர்கள், அடுத்த கீமோவைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள், நோய் திரும்பிவிடும்" என்று கணவரின் சித்தப்பா தடுத்திருக்கிறார். ரத்தம் ஊற லேகியமும் பப்பாளி இலைச் சாறும் கொண்டுவந்து கொடுப்பவரும் அவர்தான்.

வாசகியின் கேள்விகள்: அத்தையோடு ஒரே வீட்டில் இருப்பதால் என் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்தா? கழிவறையை யார் கழுவுவது? கீமோ என்றால் காய்ச்சல் வருவது சகஜம்தானே? லேகியம் கொடுக்கலாமா? பங்குனித் திருவிழாவுக்கு அத்தை வரலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

வயிற்றில் பிள்ளையோடு, கைப்பிள்ளை ஒன்றையும் பார்த்துக்கொண்டு, கணவர் ஊரில் இல்லாத நாட்களில் கீமோ எடுக்கும் மாமியாரையும் கவனித்துக்கொள்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில்கூட அவர்மீது சலிப்பு இல்லை. அதனால் உங்களிடம் நேராகவே பேசலாம் என்று நினைக்கிறேன்.

உங்கள் வீடு மிகுந்த எச்சரிக்கையோடுதான் இருக்கிறது. ஆனால் அந்த எச்சரிக்கை பெரும்பகுதி தேவையற்ற இடத்தில் செலவாகிவிட்டது. தட்டிலும் டம்ளரிலும் இல்லாத ஆபத்துக்குக் காவல் போட்டீர்கள். பத்தாம் நாள் இரவு உண்மையான ஆபத்து வந்தபோது விடியும்வரை காத்திருந்தீர்கள். ஆகவே நீங்கள் கேட்ட வரிசையை மாற்றி, காய்ச்சலிலிருந்து தொடங்குகிறேன்.

அந்தப் பத்தாம் நாள் காய்ச்சல்

கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குபவை. புற்றுநோய் செல்கள் மட்டுமல்ல, முடியின் வேர், வாயின் உட்தோல், எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உருவாக்கும் செல்கள் எல்லாமே வேகமாகப் பெருகுபவைதான். கிருமிகளை முதலில் எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு ரத்தத்தில் அதிக நேரம் உயிரோடு இருப்பதில்லை. மஜ்ஜை புதிதாகச் செய்து அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த உற்பத்தி குறைவதால், உங்கள் அத்தை எடுக்கும் மருந்துகளில் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் வெள்ளணு எண்ணிக்கை மிகவும் இறங்கும். மூன்றாம் வார முடிவில் பெரும்பாலும் தானாகவே ஏறிவிடும். மூன்று வார இடைவெளி வைப்பதே அதற்காகத்தான்.

இரண்டாவது வாரத்தில் உடலுக்குள் ஒரு கிருமி புகுந்தால், வழக்கமான அடையாளங்கள் எதுவும் தெரியாமல் போகலாம். புண் சிவந்து வீங்குவதற்கும் சீழ் பிடிப்பதற்கும்கூட வெள்ளணுக்கள் வேண்டும். நிமோனியா என்ற நுரையீரல் தொற்று வந்தாலும் நெஞ்சு எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போகலாம். பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும் எச்சரிக்கை. அதைப் பாராசிட்டமால் கொடுத்து இறக்கிவிட்டால், இருக்கும் ஒரே எச்சரிக்கையையும் நாமே மறைத்துவிடுகிறோம். உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருக்கும். சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கு ஆபத்தாகிவிடலாம். சர்க்கரை நோய் இருப்பவருக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

கீமோவில் காய்ச்சல் சகஜம்தானே என்று கேட்கிறீர்கள். அடிக்கடி வருவது உண்மை. ஆனால் அடிக்கடி வருகிறது என்பதால் அது சாதாரணமாகிவிடாது. எங்கள் துறையில் இதை மாரடைப்புக்கு இணையான அவசரமாகவே நடத்துகிறோம். மருத்துவமனைக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ரத்தக்குழாய் வழியாக ஏற வேண்டும் என்பதுதான் உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. அத்தை அன்று தப்பியதில் எனக்கு நிம்மதி. அந்த ஊசியால்தான் தப்பினார் என்று சொல்வதற்கில்லை. வெள்ளணுக்கள் நல்ல நேரத்தில் ஏறத் தொடங்கியிருக்கலாம். அடுத்த முறையும் அப்படி அமையும் என்று நம்பி இருக்க முடியாது. தவிர, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் இடுப்பில் போடும் ஊசி உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளவும் சீழ்க்கட்டி வரவும் வழி வைக்கும். ரத்தப் பரிசோதனை இல்லாமல் அதைப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இனி செய்ய வேண்டியது இதுதான்:

வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கட்டும். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போதாது. நாக்குக்கு அடியில் வைத்துப் பாருங்கள். சூடாகவோ குளிர்ச்சியாகவோ குடித்திருந்தால் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். அக்குளில் வைத்தால் உண்மையான வெப்பத்தைவிடக் குறைத்துக் காட்டும். ஆசனவாயில் வைக்கவே கூடாது.

100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் ஆகிவிட்டால் இரவு இரண்டு மணியானாலும் கிளம்பிவிடுங்கள். 108க்கு அழையுங்கள். குளிர் நடுக்கம் வந்தால் தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் கிளம்பிவிடுங்கள்.

மருத்துவரைக் கேட்காமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். உடம்பு வலிக்கென்று மருந்துக் கடையில் தரும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளும் வேண்டாம். அவை காய்ச்சலை மறைப்பதோடு ரத்தக் கசிவையும் சிறுநீரகத் தொந்தரவையும் கூட்டக்கூடியவை.

காய்ச்சல் இல்லாமலும் தொற்று வரலாம். வாந்தி வராமலிருக்கத் தரும் ஸ்டீராய்டு மாத்திரை காய்ச்சலை அடக்கி வைக்கும். திடீரென மிகவும் தளர்ந்துபோவது, பேச்சு தடுமாறுவது, மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது, நிற்காத வயிற்றுப்போக்கு, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், தோலில் சிவப்புப் புள்ளிகள் ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

மதுரை உங்களுக்கு இரண்டு மணி நேரப் பயணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு தூரம் போய்த்தான் முதல் டோஸ் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பதில்லை. திண்டுக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது உங்கள் மருத்துவரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள்: என்ன நோய், என்ன மருந்து, எந்தத் தேதியில் ஏற்றப்பட்டது, காய்ச்சலோடு வந்தால் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திராமல் எந்த ஆன்டிபயாடிக்கைத் தொடங்க வேண்டும், எந்த எண்ணில் தன்னை அழைக்க வேண்டும் என்று அதில் இருக்கட்டும். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் காய்ச்சல் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "கீமோ எடுப்பவர், இன்று பத்தாம் நாள், காய்ச்சல் 101" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

தட்டும் டம்ளரும், வயிற்றுப் பிள்ளையும்

சிவப்புச் சிறுநீரைப் பற்றி முதலில். டாக்ஸோரூபிசின் பார்வைக்கே ரோஜாப்பூச் சிவப்பில் இருக்கும் மருந்து. ஏற்றிய பிறகு ஓரிரு நாள் சிறுநீரில் அந்த நிறம் வரும். அது ரத்தம் இல்லை. இதை மருத்துவமனையில் முன்கூட்டியே ஒரு வரி சொல்லியிருந்தால் உங்கள் வீட்டில் அந்த இரவும் அதன் பின்விளைவுகளும் வந்திருக்காது. ஆனால் இரண்டு நாள் கடந்தும் சிவப்பாகப் போனால், எரிச்சலோ ரத்தக்கட்டியோ இருந்தால், அது வேறு. சைக்ளோபாஸ்பமைடின் கழிவு சிறுநீர்ப்பையின் உட்சுவரை அரிக்கக்கூடியது. அதனால்தான் கீமோ நாளிலும் அடுத்த இரண்டு நாளும் நிறையத் தண்ணீர் குடித்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழித்துவிடச் சொல்கிறோம். படுக்கப்போகும் முன்பும் கட்டாயம் போய்விட்டு வரட்டும். பின்கட்டு இருட்டில் கழிவறைக்குப் போகத் தயங்கி அவர் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறாரா என்று பாருங்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

இப்போது உங்கள் பிள்ளையைப் பற்றி. புற்றுநோய் தொற்றுவதில்லை. கீமோ மருந்து மூச்சில் வந்து பக்கத்தில் இருப்பவரைத் தாக்குவதில்லை. தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் கொடுப்பது உண்டு. அந்தச் சிகிச்சையில் சில நாட்கள் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் விலகி இருக்கத்தான் வேண்டும். அந்த எச்சரிக்கையை யாரோ எங்கோ கேட்டு எல்லாப் புற்றுநோய் மருந்துக்கும் பொருத்திவிடுகிறார்கள். உங்கள் அத்தை எடுப்பது அந்தச் சிகிச்சை அல்ல. அவரோடு உட்கார்ந்து சாப்பிடலாம், ஒரே அறையில் தூங்கலாம், கட்டிப்பிடிக்கலாம். சோப்புப் போட்டுக் கழுவிய தட்டு எல்லோருக்கும் பொதுவாகவே இருக்கலாம்.

நீங்கள் விலகி நிற்க வேண்டிய ஒன்று உண்டு: சிறுநீர், மலம், வாந்தி. இந்த மருந்துகள் கருவைப் பாதிக்கக்கூடியவை. அவற்றின் மிச்சம் உடலிலிருந்து வெளியேறுவது இவற்றின் வழியாகத்தான். சைக்ளோபாஸ்பமைடு பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் சிறுநீரில் போய்விடும். டாக்ஸோரூபிசின் பித்தநீர் வழியாக மலத்தில் சில நாட்கள் மெதுவாக வெளியேறும். பொதுவாக 48 மணி நேரம் எச்சரிக்கை போதும் என்பார்கள். நீங்கள் கர்ப்பிணி என்பதால் உங்களுக்கு மட்டும் ஒவ்வொரு கீமோவுக்குப் பிறகும் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். அந்த வாரத்தில் கழிவறை கழுவுவதும், கறைபட்ட துணி துவைப்பதும், வாந்திப் பாத்திரம் எடுப்பதும் உங்கள் வேலை இல்லை.

பிறகு யார் வேலை? உங்கள் கணவருடையது. இதைச் சங்கடமில்லாமல் அவரிடம் சொல்லுங்கள். மதுரை மருத்துவமனையில் கேட்டு கீமோ நாளை வெள்ளிக்கிழமையாக மாற்றிக்கொள்ள முடிந்தால், அவர் வெள்ளி, சனி இரண்டு நாள் விடுப்பெடுத்து உடன் போய், ஞாயிறு வரை வீட்டில் இருந்து அந்த வேலைகளைச் செய்துவிடலாம். அத்தைக்கு உடம்பில் தெம்பு இருந்தால் தன் கழிவறையைத் தானே தண்ணீர் விட்டுச் சுத்தம் செய்துகொள்வார். கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். இந்தியக் கழிவறையாக இருந்தால் தெறிக்காமல் நிதானமாக இரண்டு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டும். மேற்கத்தியக் கழிவறையாக இருந்தால் மூடியை மூடிவிட்டு இரண்டு முறை தண்ணீர் திறக்க வேண்டும். கறைபட்ட துணியைத் தனியாக, சோப்புத்தூள் போட்டு இரண்டு முறை அலச வேண்டும். வேறு வழியே இல்லாமல் நீங்கள் தொட நேர்ந்துவிட்டால், இரண்டு கையுறை போட்டுக்கொண்டு செய்துவிட்டுச் சோப்பால் கை கழுவுங்கள். ஒருமுறை நடந்துவிட்டதே என்று இரவெல்லாம் கலங்க வேண்டாம். உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் வீட்டு நிலவரத்தை ஒருமுறை சொல்லி வையுங்கள்.

உண்மையில் உங்கள் மகனிடமிருந்துதான் அத்தைக்குப் பாதுகாப்பு வேண்டும். பள்ளியிலிருந்து சளியும் இருமலும் அவன் வழியாகத்தான் வரும். வந்தவுடன் கை கால் கழுவிவிட்டுப் பாட்டியிடம் போகட்டும்; மூக்கு ஒழுகும் நாட்களில் மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும். மற்ற நாட்களில் அவனைத் தடுக்காதீர்கள். ஃப்ளூ தடுப்பூசி செயலிழக்கச் செய்த கிருமியால் ஆனது; கர்ப்பிணிக்கும் போடலாம், அத்தைக்கும் அவருடைய மருத்துவர் சொல்லும் நாளில் போடலாம். போலியோ சொட்டு மருந்து உயிருள்ள கிருமியால் ஆனது. குழந்தையின் மலத்தில் சில வாரம் வெளியேறும். சொட்டு மருந்து முகாம் வந்தால் மகனுக்குக் கொடுப்பதற்கு முன் புற்றுநோய் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கணக்குப் பார்த்தால் அத்தையின் கீமோ முடிவதும் உங்கள் பிரசவமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வரும். பிறக்கும் குழந்தைக்குப் போடும் தடுப்பு மருந்துகளுக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கும்.

அத்தையிடம் சொல்லுங்கள்

அன்று இரவு நடுக்கத்தோடு அவர் ஏன் யாரையும் எழுப்பவில்லை? உங்கள் கடிதத்தில் என்னை நெடுநேரம் நிறுத்தியது அந்த வரிதான். காய்ச்சல் ஆபத்து என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமானால் ஏன் ஆபத்து என்று சொல்ல வேண்டும். அதற்கு நோயின் பெயரைச் சொல்ல வேண்டும். அதனால் எதையுமே சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் தட்டை மட்டும் பிரித்தீர்கள். மருமகள் மாசமாக இருக்கிறாள், தன்னால் யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று அவர் போர்வைக்குள் சுருண்டிருக்கலாம்.

தாங்க மாட்டார் என்ற பயத்தில் மறைத்தீர்கள். எனக்குத் தெரிந்தவரை, புற்றுநோய்ப் பிரிவில் பல மணி நேரம் மருந்து ஏற்றிக்கொண்டு உட்காரும் ஒருவர், அக்கம்பக்கத்துப் படுக்கையைப் பார்த்தே பாதி தெரிந்துகொண்டிருப்பார். தெரிந்தும் உங்களுக்காகத் தெரியாததுபோல் இருப்பார். அந்தச் சிகிச்சைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். தன் உடம்புக்கு என்ன என்று அறியும் உரிமை அவருக்குத்தான் முதலில். மகனை உடன் வைத்துக்கொண்டு மருத்துவரையே பேசச் சொல்லுங்கள். "உங்களுக்கு என்ன என்று எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று அவரிடமே கேட்டுத் தொடங்கலாம். அறுவை சிகிச்சை முடிந்து, நோய் திரும்பாமலிருக்கத்தான் கீமோ என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்; அது உண்மை. காய்ச்சல், நடுக்கம் என்றால் நடு இரவிலும் எழுப்ப வேண்டும் என்பதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் வேறு எவரும் எடுக்கும் எச்சரிக்கையைவிட அவர் எடுக்கும் எச்சரிக்கைதான் முதலில் வேலை செய்யும்.

தள்ளிப்போட்டால் நோய் திரும்பிவிடுமா?

ஒவ்வொரு கீமோவுக்கு முன்பும் ரத்தம் எடுத்துப் பார்ப்பதே, உடல் தயாராக இருக்கிறதா என்று அறியத்தான். நியூட்ரோஃபில் 1,500க்கும் தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்கும் குறையாமல் இருக்கிறதா என்று பொதுவாகப் பார்ப்போம். குறைந்திருந்தால் ஒரு வாரம் தள்ளுவது அன்றாடம் நடப்பது. அதனால் சிகிச்சை வீணாகிவிடாது. நீங்களாகவே ஒரு கீமோவை விட்டுவிடுவதுதான் கூடாது.

காய்ச்சலை மறைத்தால் என்ன ஆகும்? மருத்துவர் அதே அளவு மருந்தை அதே துணை மருந்துகளோடு மறுபடி ஏற்றுவார்; அதே பத்தாம் நாள் மறுபடி வரும். சொன்னால் அவர் கையில் வழிகள் இருக்கின்றன. கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்து வெள்ளணுக்களைப் பெருக்கும் ஊசி போடலாம். ஃபில்கிராஸ்டிம் என்றால் சில நாட்கள் தொடர்ந்து, பெக்ஃபில்கிராஸ்டிம் என்றால் ஒரே ஊசி. இடுப்பெலும்பும் முதுகும் வலிக்கும். மஜ்ஜை வேலை செய்வதால் வரும் வலி அது. தேவைப்பட்டால் மருந்தின் அளவையும் கொஞ்சம் குறைப்பார். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை நடக்கிறது என்றால் இந்த ஊசிக்கு என்ன ஏற்பாடு என்று அங்குள்ள காப்பீட்டு உதவி மையத்தில் கேளுங்கள்.

லேகியம், இலைச்சாறு, சோறு

சித்தப்பாவின் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த லேகியத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது என்பதுதான் சிக்கல். கீமோ மருந்துகளைப் பக்குவப்படுத்துவதும் வெளியேற்றுவதும் கல்லீரலும் சிறுநீரகமும். தெரியாத மூலிகை ஒன்று அந்த வேலையைத் தடுத்தால் மருந்து உடலில் கூடுதலாகத் தங்கும். வேகப்படுத்தினால் பலன் குறையும். சித்த மருந்துகளில் சிலவற்றில் பாதரசமும் பாஷாணமும் முறைப்படி சேர்க்கப்படுவதுண்டு. கீமோ நேரத்தில் அது சிறுநீரகத்துக்கு இன்னொரு சுமை. லேகியம் என்றால் வெல்லமோ கருப்பட்டியோ தேனோ இல்லாமல் இருக்காது. ஸ்டீராய்டு மாத்திரையால் ஏற்கெனவே சர்க்கரை எகிறும் நாட்களில் அதை ஊட்டுகிறீர்கள். கீமோவுக்கு அடுத்த மூன்று நாட்கள் சர்க்கரையைத் தவறாமல் பார்த்து, கூடினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பப்பாளி இலை டெங்குவில் தட்டணுக்களுக்காகப் பேசப்படுவது. உங்கள் அத்தைக்கு இறங்குவது வெள்ளணுக்கள்; அதை இலைச்சாறு ஏற்றாது. பச்சையாக அரைத்துக் கொடுக்கும் சாற்றில் மண்ணும் கிருமியும் சேர்ந்துவரும் ஆபத்துதான் மிச்சம். சித்தப்பாவோடு நீங்கள் வாதாட வேண்டாம். "டாக்டர் எழுதிக் கொடுத்தால் கொடுக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, லேகியப் பாட்டிலை மதுரைக்கு எடுத்துப் போய்க் காட்டுங்கள். இதுவரை எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். குழம்பில் போடும் மஞ்சளும் ரசத்து மிளகும் எப்போதும்போல் இருக்கட்டும். மஞ்சள் சத்து மாத்திரை என்று விற்பவை வேண்டாம்.

சாப்பாட்டில் பெரிய விலக்குகள் தேவையில்லை. காய், பழம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டால் தொற்று குறையும் என்று ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. அன்றன்று சமைத்துச் சூடாகப் போடுங்கள். தோலுரிக்கும் பழங்கள் நல்லவை. காய்ச்சி ஆறிய தண்ணீர். முட்டை முழுதாக வெந்திருக்க வேண்டும். பழைய சோறும், கடையில் வாங்கும் சட்னியும் இரண்டாவது வாரத்தில் வேண்டாம். வாயில் புண் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பும் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் கலந்து நாளைக்கு நான்கைந்து முறை கொப்பளிக்கலாம். இவை எல்லாவற்றையும்விட, அவர் பழையபடி உங்களோடு உட்கார்ந்து ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிடுவது முக்கியம்.

திருவிழாவைப் பொறுத்தவரை, அது மூன்றாவது கீமோவின் எத்தனையாவது நாளில் விழுகிறது என்று பாருங்கள். இரண்டாவது வாரத்தில் விழுந்தால் கூட்டத்துக்குள் போக வேண்டாம். சாமி தெருவுக்கு வரும்போது வாசலில் நின்று கும்பிட்டுக்கொள்ளலாம். வெறுங்காலோடு நடப்பதும் தீச்சட்டி எடுப்பதும் இந்த ஆண்டு கிடையாது. வெயில் காலத்தில் அம்மை பரவும். அம்மை கண்ட வீட்டுக்கு அவரும் போகக்கூடாது, நீங்களும் போகக்கூடாது. தெரியாமல் போய்விட்டால் கொப்புளம் வரட்டும் என்று இராமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்கூட்டியே கொடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன.

மருந்து ஏறும் நாளில்

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டாக்ஸோரூபிசின் ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் தோலையும் சதையையும் அரித்துவிடும். ஏறும்போது எரிச்சல், வலி, வீக்கம் எது தெரிந்தாலும் அந்த நொடியே நர்ஸிடம் சொல்ல வேண்டும். "பொறுத்துக்கொள்கிறேன்" என்று பல்லைக் கடிப்பவர்கள்தான் நம் பெண்கள். அத்தையிடம் இதைத் தனியாகச் சொல்லி அனுப்புங்கள். அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துக் கையில் ஊசி போடவோ ரத்த அழுத்தம் பார்க்கவோ வேண்டாம் என்று அவரே நினைவுபடுத்தலாம். இந்த மருந்து இதயத்தையும் பாதிக்கக்கூடியது. தொடங்கும் முன் எக்கோ எடுத்தார்களா, ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்தார்களா என்று கோப்பில் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

மருந்தைத் தொங்கவிடும் முன் நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அளவு மூன்றையும் வாய்விட்டுச் சரிபார்க்கச் சொல்வதில் தவறே இல்லை. 1994இல் பாஸ்டன் நகரில் பெட்சி லேமன் என்ற 39 வயதுப் பத்திரிகையாளர் மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் இறந்தார். நான்கு நாளுக்குப் பிரித்துத் தர வேண்டிய சைக்ளோபாஸ்பமைடின் மொத்த அளவு ஒவ்வொரு நாளும் ஏற்றப்பட்டுவிட்டது. உலகப் புகழ்பெற்ற புற்றுநோய் மையத்தில் நடந்த பிழை அது. இறந்தவர் மருத்துவம் பற்றியே பத்தி எழுதிவந்தவர். இருவர் தனித்தனியாகச் சரிபார்க்கும் வழக்கம் உறுதிப்பட அந்த மரணமும் ஒரு காரணம். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. கேள்வி கேட்கும் குடும்பத்தை நல்ல நர்ஸ்கள் வரவேற்கவே செய்வார்கள்.

பாக்லிடாக்சல் தொடங்கும்போது கதை கொஞ்சம் மாறும். முதல் ஓரிரு முறை ஏற்றத் தொடங்கிய சில நிமிடங்களில் முகம் சிவப்பது, மூச்சுத் திணறல், முதுகுவலி வரலாம். உடனே சொன்னால் நிறுத்திச் சரிசெய்துவிடலாம். வாரங்கள் செல்லச் செல்ல விரல் நுனிகளும் பாதமும் மரத்துப்போகும். சர்க்கரையும் இருப்பதால் வீட்டுக்குள்ளும் செருப்பு, தினமும் பாதத்தைப் பார்ப்பது, சுடுதண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் குளிப்பது என்று பழக்கிக்கொள்ளட்டும்.

மருத்துவமனையிலிருந்து சிகிச்சைப் பதிவுகளின் நகலை எழுதிக் கேட்டு வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் கொடுக்க வேண்டும் என்று மருத்துவ ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. நள்ளிரவில் திண்டுக்கல்லில் பணியில் இருக்கும் மருத்துவருக்கு அந்தத் தாள்தான் அத்தையைப் பற்றிச் சொல்லும்.

மூன்றாவது கீமோவுக்கு முன் ரத்தம் கொடுக்கப் போகும் நாளில், பரிசோதனை முடிவு நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் காய்ச்சலைச் சொல்லிவிடுங்கள்: எந்தத் தேதி, எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் நடுக்கம், என்ன கொடுத்தீர்கள் என்று. கிளினிக்கில் தந்த மாத்திரையின் அட்டையைத் தூக்கிப் போட்டிருக்காவிட்டால் அதையும் எடுத்துப் போங்கள். எந்த ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது என்பது அவருக்குத் தேவைப்படும்.